பின்சீட்ல யாரு உக்காரப் போறா? – பிக்கப் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல பிக்கப்போட கேப் பத்தித்தான், சின்னதா பெருசான்னு. (பின்னாடி சாமான் ஏத்தத் திறந்த தொட்டி வச்ச வண்டி பிக்கப், முன்னாடி ஆள் உக்காற அறை கேப்.) மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், இல்லன்னா பாதில குழம்பிடுவீங்க. ரெண்டு கதவு, ஒரே வரிசை சீட்டுன்னா அது சிங்கிள் கேப். முன்சீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் விட்டு, அதுல பேருக்கு ஒரு சீட்டு (சிலதுல அதுவும் இருக்காது), சின்னக் கதவு வச்சிருந்தா எக்ஸ்டெண்டட் கேப். நாலு முழுக் கதவு, ஒழுங்கான பின்சீட்டு இருந்தா டபுள் கேப் இல்லன்னா க்ரூ கேப். ஆனா பேரை நம்பாதீங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர் வைப்பான். டொயோட்டா ஹைலக்ஸ்லயும் டகோமாலயும் டபுள் கேப்னா பெரிய கேப், அதே டொயோட்டாவோட டண்ட்ரால டபுள் கேப்னா சின்னது, பெருசுக்கு க்ரூமேக்ஸ்னு பேரு. செவ்ரலே சில்வராடோலயும் டபுள் கேப் சின்னது, க்ரூ கேப்தான் பெருசு. ஃபோர்டுல சூப்பர் கேப் சின்னது, சூப்பர் க்ரூ பெருசு. விளம்பரத்துல பேரை மட்டும் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, பின்சீட்டுல கால் நீட்டற இடம் எவ்வளவுன்னு கேளுங்க. நான் கீழ டபுள் கேப்னு எழுதற இடத்துலல்லாம் நாலு முழுக் கதவு உள்ள பெரிய கேப்தான்.

கேள்வி: எலக்ட்ரிக்கல் வேலை எடுத்துச் செய்றேன் சார். பைப்பு, கேபிள், ஏணி எல்லாம் ஏத்தணும். வீட்ல மனைவி, 9 வயசுப் பையன், 3 வயசுப் பொண்ணு. வேற வண்டி கிடையாது. எக்ஸ்டெண்டட் கேப் எடுத்தா தொட்டி பெருசா கிடைக்குது, டபுள் கேப் எடுத்தா ஃபேமிலிக்கு சவுகரியம். ரெண்டு மாசமா இதே யோசனை, தூக்கம் போச்சு. எதை எடுக்கட்டும்?

பதில்: டபுள் கேப் எடுங்க. தூங்குங்க. இனி காரணம் சொல்றேன்.

நிறைய பேர் பெரிய கேப்னா வண்டியே பெருசு ஆகிடும்னு நினைக்கிறாங்க, பெரும்பாலும் அப்படி இல்ல. ஹைலக்ஸ எடுத்துக்கங்க, 2015ல வந்த மாடல்ல சிங்கிள், எக்ஸ்ட்ரா (அவங்க எக்ஸ்டெண்டடுக்கு வச்ச பேர்), டபுள் மூணுக்கும் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், ஒன்னேதான், 3085 மி.மீ. மொத்த நீளமும் கிட்டத்தட்ட 5.3 மீட்டர். உள்ள சுவர் மட்டும்தான் முன்ன பின்ன நகருது. தொட்டி நீளம் சிங்கிள்ல 2.3 மீட்டர், எக்ஸ்ட்ரால 1.8, டபுள்ல 1.5. ஒரு வீட்டுக்குள்ள ஹாலைப் பெருசாக்கினா கிச்சன் சின்னதாகற மாதிரி. ஃபோர்டு எஃப்-150லயும் இதே கதைதான், சூப்பர் கேப்புக்கு ஆறரை அடி தொட்டி, சூப்பர் க்ரூவுக்கு அஞ்சரை அடி தொட்டி, ரெண்டுக்கும் வீல்பேஸ் ஒன்னு. அதனால உங்க கேள்வி சின்ன வண்டியா பெரிய வண்டியான்னு இல்ல. அந்த ஒரு அடியை மனுஷனுக்குக் குடுக்கறதா சாமானுக்குக் குடுக்கறதா, அதுதான்.

சாமானுக்கு வேற வழி நிறைய இருக்கு. ஏணியையும் பைப்பையும் எந்தத் தொட்டிலயும் முழுசா படுக்க வைக்க முடியாது, ஆறு மீட்டர் பைப்புக்கு ஒன்றரை மீட்டர் தொட்டியும் ஒன்னுதான் ரெண்டு மீட்டர் தொட்டியும் ஒன்னுதான், எப்படியும் மேல ரேக் போட்டுத்தான் கட்டணும். கேபிள் ரோல், டூல் பாக்ஸ், சுவிட்ச் போர்டு அட்டைப்பெட்டி எல்லாம் சின்னத் தொட்டிலயே அடங்கிடும். என்னைக்காவது பெரிய லோடு வந்தா ட்ரெய்லர் மாட்டலாம், வாடகைக்கு வண்டி எடுக்கலாம். ஆனா பின்சீட்டுல இடம் இல்லன்னா அதுக்கு எந்த ரேக்கும் கிடையாது.

இன்னொன்னு, பசங்க வளருவாங்க. தொட்டி வளராது, கேப்பும் வளராது, கால் மட்டும் வளரும். 9 வயசுப் பையன் இன்னைக்கு எக்ஸ்டெண்டட் கேப் பின்சீட்டுல சம்மணம் போட்டு உக்காந்துக்குவான், நாலு வருஷம் கழிச்சு முழங்கால் மூக்குல இடிக்கும். எஃப்-150ல பின்சீட்டு கால் இடம் சூப்பர் கேப்ல 33.5 இஞ்ச், சூப்பர் க்ரூல 43.6 இஞ்ச். அதாவது பத்து இஞ்ச் வித்தியாசம், ஒரு ஜாண்க்கு மேல. டகோமா 2016லேர்ந்து 2023 வரைக்கும் வந்த மாடல்ல சின்ன கேப்புக்கு 24.6 இஞ்ச்தான், அதுல பெரியவங்க யாரும் உக்கார முடியாது, பை வைக்கலாம்.

நான் இதைப் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன். முதல் பிக்கப் எடுக்கறப்போ எக்ஸ்டெண்டட் கேப்தான் எடுத்தேன், ‘எப்பவாவதுதானே பின்னாடி உக்காரப் போறாங்க’ன்னு நினைச்சு. அந்த ‘எப்பவாவது’ எப்ப வந்துச்சுன்னா எங்க அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிட்டு வர்றப்போ. அம்மாவை முன்சீட்டுல உக்கார வச்சு சீட்டை முழுசா பின்னால தள்ளினா அந்தப் பக்கம் பின்னாடி இடமே இல்ல, என் மனைவி என் முதுகுக்குப் பின்னாடி ஒருக்களிச்சு முக்கா மணி நேரம் வந்தா. இறங்கினதும் ஒரு வார்த்தை பேசல. பேசாம இருந்ததுதான் பயமா இருந்துச்சு. அடுத்த வருஷமே வண்டியை மாத்தினேன், அந்த மாத்தினதுல போன பணத்துக்கு முதல்லயே பெரிய கேப் எடுத்திருக்கலாம்.

அப்புறம் அந்தக் கதவு. எக்ஸ்டெண்டட் கேப்போட பின் கதவு நிறைய மாடல்ல தலைகீழா, பின்பக்கம் கீல் வச்சுத் திறக்கும். முன்கதவைத் திறக்காம அதைத் திறக்க முடியாது. ஷோரூம்ல ரெண்டையும் விரியத் திறந்து காமிப்பாங்க, நடுவுல தூணே இல்லாம பிரமாதமா இருக்கும். பார்க்கிங்ல பக்கத்துல ஒரு கார் நிக்கறப்போ திறந்து பாருங்க. முன்கதவு முன்னாடி, பின்கதவு பின்னாடி, நீங்களும் உங்க பிள்ளையும் ரெண்டு கதவுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு, வெளிய வரணும்னா ஒரு கதவைச் சாத்தணும், சாத்தறதுக்கு நகர இடம் இல்ல. சில மாடல்ல முன்சீட்டு பெல்ட்டே அந்தப் பின்கதவுல பொருத்தியிருக்கும், முன்னாடி இருக்கறவர் பெல்ட்டைக் கழட்டினாதான் பின்கதவு. தினமும் ஸ்கூல்ல இறக்கி விடறவங்களுக்கு இது ஒரு வாரத்துல வெறுத்துடும்.

கேள்வி: ஒரு வயசுக் குழந்தைக்கு சைல்ட் சீட் வைக்கணும். எக்ஸ்டெண்டட் கேப்ல வைக்க முடியாதா?

பதில்: சிலதுல வைக்கலாம், சிலதுல கூடவே கூடாது. ஒரு வயசுன்னா பின்னோக்கிப் பாக்கற சீட்டுதான் வைக்கணும், அது ரொம்ப இடத்தை அடைக்கும், எக்ஸ்டெண்டட் கேப்ல அதை மாட்டினா முன்சீட்டுல இருக்கறவர் டேஷ்போர்டை ஒட்டி உக்காரணும். பக்கவாட்டுல பாத்து உக்காற மடக்கு சீட்டுல சைல்ட் சீட் மாட்டவே கூடாது. பின்னாடி இடம் இல்லன்னு முன்சீட்டுல மாட்டிடலாம்னு சிலர் யோசிப்பாங்க, அங்க ஏர்பேக் இருக்கு, அது ஆன்ல இருக்கறப்போ பின்னோக்கிப் பாக்கற சீட்டை முன்னாடி வச்சா விபத்துல ஏர்பேக்கே குழந்தையைக் கொன்னுடும். ஏர்பேக்கை ஆஃப் பண்ற சுவிட்ச் இருக்கான்னு பாருங்க, மேனுவல்ல அனுமதி இருக்கான்னு பாருங்க. எதுக்கும், வண்டி பாக்கப் போறப்போ உங்க சைல்ட் சீட்டைக் கையோட எடுத்துட்டுப் போய் அங்கயே மாட்டிப் பாருங்க. சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பாப்பார், பாத்துட்டுப் போறார்.

கேள்வி: டபுள் கேப் பெருசா, வெயிட்டா இருக்கு. அப்ப அது சிங்கிள் கேப்பை விட அதிக லோடு தாங்கும்தானே?

பதில்: நேர் எதிர்! ஒரே இன்ஜின், ஒரே சேஸிஸ் (வண்டியைத் தாங்கற அடிச்சட்டம்), ஒரே டிரைவ்னா (ரெண்டு சக்கரம் இழுக்குதா நாலும் இழுக்குதாங்கறது) பெரும்பாலும் சிங்கிள் கேப்தான் அதிகம் சுமக்கும். கணக்கு சுலபம். வண்டி, ஆளு, சாமான் எல்லாம் சேந்து இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு கம்பெனி ஒரு மொத்த எடை வச்சிருப்பான். அதுலேர்ந்து காலி வண்டி எடையைக் கழிச்சா மிச்சம்தான் நீங்க ஏத்தக்கூடியது. ரெண்டு கதவு, ஒரு சீட்டு, கண்ணாடி, தகரம்னு கேப் பெருசாகப் பெருசாக காலி எடை கூடும், மிச்சம் குறையும். அதுக்கப்புறம் சீட்டுல உக்காற ஆளுங்களும் அதே மிச்சத்துலதான் கழியணும். உதாரணத்துக்கு மிச்சம் 900 கிலோன்னு வைங்க, ஆளுக்கு 75 கிலோன்னு அஞ்சு பேர் உக்காந்தா 375 போச்சு, தொட்டிக்கு 525தான். (டிரைவர் எடையைக் காலி வண்டியோட சேக்கறதா இல்லையாங்கறது நாட்டுக்கு நாடு மாறும், மேனுவலைப் பாத்துக்கங்க.)

ஆனா எடையை விட எனக்குப் பெரிய கவலை அது எங்க உக்காருதுங்கறது. இதை யாருமே கேக்கறதில்ல. சிங்கிள் கேப்ல தொட்டி நீளம்கிறதால அதோட நடுப்பாகம் ஏறத்தாழ பின் ஆக்ஸிலுக்கு (பின்சக்கரம் ரெண்டையும் சேக்கற அச்சு) நேர் மேல வரும். டபுள் கேப்ல தொட்டி சின்னது, முன்னாடி கேப் வந்து அடைச்சிடுது, அதனால தொட்டியோட நடுப்பாகமே ஆக்ஸிலுக்குப் பின்னாடி தள்ளிப் போயிடும். சீசா மாதிரி யோசிங்க. வீல்பேஸ் 3 மீட்டர்னு வைங்க, ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னாடி 300 கிலோ வச்சீங்கன்னா பின் ஆக்ஸில் மேல 300 இல்ல, 400 கிலோ ஏறும், முன்சக்கரத்துலேர்ந்து 100 கிலோ தூக்கிடும். ஸ்டியரிங் லேசாகும், மழைல முன் டயருக்குப் பிடி குறையும், ராத்திரி ஹெட்லைட் மரத்து உச்சியைக் காட்டும். இதுக்கு மேல பின்னாடி ட்ரெய்லர் கொக்கில வேற வெயிட் ஏத்தி மேடு பள்ளத்துல குதிச்சா, கேப் முடிஞ்சு தொட்டி ஆரம்பிக்கற இடத்துக்குக் கிட்ட சேஸிஸே வளையும், டபுள் கேப்ல இப்படி வளைஞ்ச கேஸ் நிறைய உண்டு. பின்னாடி தொங்குதேன்னு ஏர்பேக் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்கு உதவியா காத்தடைச்ச பை, விபத்து ஏர்பேக் இல்ல) போட்டா வண்டி நிமிந்து நிக்கும், ஆனா சேஸிஸ் மேல விழற சுமை அப்படியேதான் இருக்கும், பாக்கத்தான் அழகு. கனமான சாமானை எப்பவும் கேப் சுவரை ஒட்டி, கீழ வைங்க. லேசானது பின்னாடி.

தினமும் முழு லோடு அடிக்கிற தொழில்னா, மணல், சிமெண்ட், ஜெனரேட்டர் மாதிரி, தயங்காம சிங்கிள் கேப் எடுங்க. மேல எலக்ட்ரிக்கல் வேலைக்காரருக்கு டபுள் கேப் சொன்னேனே, அவர் லோடு இடத்தை அடைக்கிற லோடு, எடை கம்மி. அதான் வித்தியாசம்.

கேள்வி: நான் தனி ஆள். ஒரு நாய், ஒரு கேமரா பை, கேம்பிங் சாமான். டபுள் கேப் வேஸ்ட்டா?

பதில்: எக்ஸ்டெண்டட் கேப்னு ஒன்னு கண்டுபிடிச்சதே உங்களுக்காகத்தான். இந்த நடு சைஸை நான் திட்டற மாதிரி இருக்கும், ஆனா அதை ஆள் உக்காறதுக்குன்னு வாங்கறவங்களைத்தான் திட்டறேன், பூட்டி வைக்கிற அலமாரின்னு நினைச்சு வாங்கினா அருமையான வண்டி. கேமரா, டூல்ஸ், லேப்டாப் எல்லாம் தொட்டில வச்சா மழை, திருட்டு ரெண்டு பயம், சிங்கிள் கேப்ல உள்ள வைக்க இடம் இல்ல, சீட்டையும் கொஞ்சம்தான் பின்னால சாய்க்க முடியும், உயரமானவங்களுக்கு அதுவே தனி வேதனை. எக்ஸ்டெண்டட்ல இது ரெண்டும் தீந்துடும், தொட்டியும் நீளமா கிடைக்கும். 2024 டகோமால எக்ஸ்ட்ரா கேப்புக்கு டொயோட்டாவே பின்சீட்டைத் தூக்கிட்டு வெறும் சாமான் வைக்கிற இடமா விட்டுட்டான், எனக்கு அது நேர்மையாப் பட்டுது. நாயைப் பத்தி ஒன்னு, பின்சீட்டை மடக்கினா தரை சமமா வருதான்னு பாருங்க, சிலதுல மேடு பள்ளமா இருக்கும், நாய் படுக்காது.

கேள்வி: டபுள் கேப்பும் வேணும், நீளத் தொட்டியும் வேணும். அப்படி வருதா?

பதில்: பெரிய பிக்கப்கள்ல வருது. எஃப்-150 சூப்பர் க்ரூவையே ஆறரை அடி தொட்டியோட வாங்கலாம். வீல்பேஸ் 157 இஞ்ச் ஆயிடும், மொத்த நீளம் 6 மீட்டரைத் தாண்டிடும். ட்ரெய்லர் இழுக்கறதுக்கு அந்த நீள வீல்பேஸ் நல்லா நிக்கும், ஹைவேல அலைபாயாது. மத்தபடி யூ டர்ன் ஒரே தடவைல வராது, வயிறு நீளம்கிறதால மேட்டுல ஏறி இறங்கறப்போ நடுவுல தட்டும், பார்க்கிங் கட்டத்துக்குள்ள அடங்காது. வாங்கறதுக்கு முன்னாடி வீட்டு ஷெட்டை டேப் பிடிச்சு அளங்க. கதவு மூடறதுக்கும் இடம் வேணும், சுத்தி நடக்கவும் இடம் வேணும். வண்டி உள்ள போகுது ஆனா ஆள் இறங்க முடியலங்கற கேஸ் எனக்கே தெரியும், அவர் இப்ப வண்டியை வெளியதான் நிறுத்தறார்.

கேள்வி: 1.5 மீட்டர் தொட்டில பைக் ஏத்தலாமா? பிளைவுட்?

பதில்: பைக் மொத்த நீளம் 2 மீட்டர் சுமார் இருக்கும், டெயில்கேட்டை (தொட்டியோட பின்கதவு) திறந்து வச்சு, முன்சக்கரத்தை ஒரு மூலைல குத்துக் குடுத்து குறுக்கா நிறுத்திக் கட்டினா போகும், நான் போயிருக்கேன். பின்சக்கரம் டெயில்கேட் மேல வந்தா அது எவ்வளவு எடை தாங்கும்னு மேனுவல்ல பாத்துக்கங்க, கீல்லயும் வயர்லயும் தொங்கற கதவு அது. நம்பர் பிளேட்டும் லைட்டும் மறையக் கூடாது.

பிளைவுட்டுக்கு நீளத்தை விட அகலம்தான் வில்லன். எட்டுக்கு நாலு அடி ஷீட் படுக்கணும்னா ரெண்டு வீல் ஆர்ச்சுக்கும் (தொட்டிக்குள்ள சக்கரத்துக்கு மேல எழும்பி நிக்கற மேடு) நடுவுல 1220 மி.மீ.க்கு மேல இருக்கணும். எஃப்-150 மாதிரி பெருசுல இருக்கு, ஹைலக்ஸ் சைஸ்ல இல்ல. ஆர்ச் உயரத்துக்குக் கட்டை போட்டு அதுக்கு மேல படுக்க வைக்கணும். இந்த விஷயத்துல சின்ன கேப் எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல, கேப் சுருங்கினா தொட்டி நீளும், அகலமாகாது.

கேள்வி: நாலு கதவு பிக்கப் எப்ப வந்துச்சு? முதல்ல யார் போட்டா?

பதில்: இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1957ல ட்ராவலெட்னு ஒன்னு விட்டான், ரெண்டு வரிசை சீட்டு, ஆனா மூணு கதவுதான். நாலாவது கதவு சில வருஷம் கழிச்சு வந்துச்சு. எக்ஸ்டெண்டட் கேப்புக்கு டாட்ஜோட 1973 கிளப் கேப்பைச் சொல்லலாம், அடுத்த வருஷமே ஃபோர்டும் சூப்பர் கேப் போட்டுட்டான். எஃப்-150ல நாலு முழுக் கதவு வந்தது 2001 மாடல்லதான். ஆரம்பத்துல நாலு கதவு பிக்கப்ங்கறது பெரும்பாலும் வேலையாட்களை ஏத்திட்டுப் போறதுக்குத்தான், ‘க்ரூ’ங்கற பேரே அதுலேர்ந்து வந்தது.

கேள்வி: அப்பா சிங்கிள் கேப் போதும்ங்கறார், நான் டபுள் கேப்ங்கறேன், அம்மா நடுவுல எக்ஸ்டெண்டட் எடுத்து சண்டையை முடிங்கங்கறாங்க. நீங்க தீர்ப்பு சொல்லுங்க.

பதில்: அம்மா சொல்ற சமாதானம் வீட்டுக்கு நல்லது, வண்டிக்கு ஆகாது. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி பிடிக்காத வண்டிதான் வந்து நிக்கும். போன மூணு மாசத்துல எத்தனை நாள் மூணு பேரும் சேந்து ஒரே வண்டில போனீங்க, எத்தனை நாள் லோடு அடிச்சீங்க, ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, மனசுல கணக்கு போடாதீங்க, மனசு எப்பவும் தனக்குப் பிடிச்ச பக்கம்தான் கூட்டும். அப்புறம் டெஸ்ட் டிரைவ் போறப்போ நீங்க ஓட்டாதீங்க, அப்பாவும் ஓட்ட வேண்டாம். அம்மாவை முன்னாடி சவுகரியமா சீட்டைத் தள்ளி உக்கார வச்சிட்டு, சேல்ஸ்மேனை ஓட்டச் சொல்லிட்டு, நீங்க ரெண்டு பேரும் எக்ஸ்டெண்டட் கேப்போட பின்சீட்டுல அரை மணி நேரம் உக்காந்து வாங்க. யார் முதல்ல போதும் நிறுத்துங்கறாங்கன்னு எனக்கு எழுதுங்க.